40 டெராபைட்டுக்கு எந்த பேக்கப்?

கேள்வி: ஆவணப்படங்களையும் விளம்பரப் படங்களையும் எடிட் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. 12 கணினிகள் ஒரே நாஸ் பெட்டியோடு (நெட்வொர்க் வழியே எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்பகம்) இணைந்துள்ளன. அதில் 40 டெராபைட் சேர்ந்துவிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 300 ஜிகாபைட் கூடுகிறது. அதன் டிஸ்க்குகளை ரெய்டு 6 முறையில் இணைத்திருக்கிறோம். பேக்கப்புக்கு இன்னொரு நாஸ் வாங்குவதா, காந்த நாடாவில் எழுதும் டேப் டிரைவா, கிளவுடா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரெய்டு 6 பேக்கப் ஆகாது. இரண்டு ஹார்டு டிஸ்க் ஒரே சமயத்தில் பழுதானாலும் வேலை நிற்காமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் எடிட்டர் ஒருவர் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தாலோ, ரேன்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டினாலோ, அந்தச் சேதத்தையும் சேர்த்தே எல்லா டிஸ்க்கிலும் எழுதிவிடும்.

எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஜிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் போகும். அன்றாடம் சேரும் 300 ஜிகாபைட்டுக்கு அது முக்கால் மணி நேர வேலை. நாஸ் மொத்தமாகப் போய்விட்டாலோ, 40 டெராபைட்டையும் மீட்க 4 நாளுக்கு மேல் ஆகும். 100 மெகாபிட் இணைய இணைப்பில் கிளவுடிலிருந்து இறக்கினால், ஒருமுறைகூட அறுந்துபோகாமல் ஓடினாலும் 37 நாள். எனவே எடிட்டிங் புராஜெக்ட் கோப்புகளை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள், அவை சிறியவை.

என் தேர்வு இரண்டாவது நாஸ்தான். இரண்டு பெட்டிகளையும் 10 ஜிகாபிட் கேபிளால் நேரடியாக இணைத்துவிடுங்கள். இரவுதோறும் வெறுமனே ஒத்திசைத்தால் பகலில் அழிந்தது அங்கேயும் அழியும் என்பதால், பல நாள்களின் ஸ்நாப்ஷாட்டுகளை, அதாவது அந்தந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவுகளை, இரண்டாவது நாஸ் வைத்திருக்க வேண்டும். புதிய பெட்டிதான் பழையதிலிருந்து தரவை இழுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, எடிட்டர்களின் கணினி எதற்கும் அதில் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. இரண்டிலும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை (ZFS) இருந்தால் நல்லது; கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) நிரல் லட்சக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும் நேரத்தில், இசட்எஃப்எஸ் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பி முடித்துவிடும். முடிந்தால் பெட்டியை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

முடிந்த படங்களுக்கு டேப் நல்லது. டிரைவ்தான் சில லட்சம் ரூபாய் கேட்கும். எல்டிஓ-9 வகை டேப்பின் உறையில் 45 டெராபைட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். அது தரவைச் சுருக்கி எழுதலாம் என்று போட்ட கணக்கு; வீடியோவோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. உங்களுக்கு ஒரு டேப்பில் 18 டெராபைட்தான் கிடைக்கும், ஆக 40 டெராபைட்டுக்கு 3 டேப் தேவைப்படும். நெட்வொர்க்கிலிருந்து நேராக எழுதவும் வேண்டாம்: தரவு போதிய வேகத்தில் வராவிட்டால் டிரைவ் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடும், ஹெட்டும் டேப்பும் தேயும். டிரைவ் பொருத்திய கணினியின் டிஸ்க்குக்கு முதலில் கொண்டுவந்து, பிறகு எழுதுங்கள்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில், மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, தானாக எடுக்கப்பட வேண்டிய நகல்கள் கைகொடுக்கவில்லை. டேட்டாபேஸ் பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களையோ அஞ்சல் சர்வர் நிராகரித்திருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்நாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஆகவே மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு படத்தின் ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து வேறொரு கணினிக்கு மீட்டு, எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் திறந்து, கிளிப்புகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்து வையுங்கள்.