ரொட்டி கலப்படம் அன்று

கேள்வி: கிறிஸ்துமஸ் விருந்துக்காக இரண்டு கிலோ கொத்துக்கறியை ஒரே கலவையாக நன்றாக அழுத்திப் பிசைந்து, உருட்டி எண்ணெயில் பொரித்து, மூன்றாகப் பங்கிட்டேன். வெள்ளை சாஸ் ஊற்றியதை ஸ்வீடன் மீட்பால் என்றும், கேப்பர் (ஊறவைத்த புளிப்புப் பூமொட்டு) சேர்த்ததை ஜெர்மன் மீட்பால் என்றும், தக்காளி சாஸில் போட்டதை இத்தாலிய மீட்பால் என்றும் பரிமாறினேன். மூன்றுமே ரப்பர் பந்து போல இருந்தன. கொழுப்பில்லாத நல்ல கறியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். ரொட்டித் தூள் வெறும் கலப்படம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஆல்ஸ்பைஸுக்குப் பதிலாகக் கரம் மசாலா போட்டேன். குறை எங்கே?
– வாசகி, கோவை

பதில்: எவற்றை நல்ல காரியம் என்று எண்ணிச் செய்தீர்களோ, அவற்றில்தான் குறை இருக்கிறது. ரொட்டியைக் கலப்படம் என்று விலக்கினீர்கள். கொழுப்பை வேண்டாம் என்று ஒதுக்கினீர்கள். இவ்விரண்டும் இல்லாமல் அழுத்திப் பிசைந்த கறி எந்த நாட்டு சாஸில் விழுந்தாலும் இறுகத்தான் செய்யும்.

கொத்திய கறியில் உப்பிட்டுப் பிசையப் பிசைய, தசையில் உள்ள மயோசின் என்னும் புரதம் வெளிவந்து பசைபோல ஒட்டிக்கொள்கிறது. சூடு பட்டதும் அது வலைபோல இறுகி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. பாலில் ஊறிக் கூழான ரொட்டி அந்த வலைக்கு நடுவே புகுந்து இறுக்கத்தைத் தடுக்கிறது, கறி விடும் சாற்றையும் தானே வாங்கி வைத்துக்கொள்கிறது. உலர்ந்த தூளை அப்படியே கொட்டினால் இந்தப் பயன் கிடைக்காது. அது கறியின் ஈரத்தையே குடித்துவிடும். அரைக் கிலோ கறிக்கு 50 கிராம் ரொட்டித் தூளை 150 மில்லி பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அதன் பிறகே கறியைச் சேர்க்க வேண்டும். கறியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பும் இருக்க வேண்டும். நம் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவைச் சேர்க்கிறோம். அதைக் கலப்படம் என்று நாம் சொல்வதில்லையே!

இனி, நீங்கள் செய்த மூன்றையும் பார்ப்போம். ஸ்வீடனில் ‘ஷொட்புல்லார்’ என்று அழைக்கப்படும் உருண்டைக்குப் பெரும்பாலும் மாட்டுக்கறியையும் பன்றிக்கறியையும் கலந்து எடுப்பார்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி ஆறவிட்டு, பாலோ கிரீமோ ஊறிய ரொட்டித் தூள், முட்டை, வெள்ளை மிளகு, ஆல்ஸ்பைஸ் ஆகியவற்றோடு கறியில் சேர்த்து, ஒன்றுசேரும் அளவுக்கு மட்டுமே கலப்பார்கள். ஆல்ஸ்பைஸ் என்பது மசாலாக் கலவை அன்று. அது கரீபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் ஒரு மரத்தின் காய். அந்த ஒரே காயில் கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்தாற்போன்ற மணம் வரும். சீரகமும் மல்லியும் கலந்த கரம் மசாலா அந்த இடத்துக்குப் பொருந்தாது. கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை கிராம்புத் தூளும் சிறிது ஜாதிக்காயும் போதும்.

கையைக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவுக்கு உருட்ட வேண்டும். வாணலியில் வெண்ணெய் நுரைத்து, அந்த நுரை அடங்கத் தொடங்கும் நேரத்தில் உருண்டைகளை இட்டு, கரண்டியால் குத்தாமல், வாணலியின் பிடியைப் பற்றி முன்னும் பின்னும் ஆட்டினால் அவை தாமாகவே உருண்டு எல்லாப் பக்கமும் சிவக்கும். அடியில் ஒட்டிய பழுப்புப் படிவில் கறிச்சாற்றையும் கிரீமையும் ஊற்றிக் கரைத்து எடுப்பதே அதற்குரிய குழம்பு. தனி அடுப்பில் மாவும் பாலும் காய்ச்சிய வெள்ளை சாஸை ஊற்றும்போது, வாணலியில் இருந்த ருசி முழுவதும் கழுவும் தொட்டிக்குப் போய்விடுகிறது. வேகவைத்த உருளைக்கிழங்கும், லிங்கன்பெர்ரி என்னும் புளிப்பான சிவப்புப் பழத்தைச் சர்க்கரையோடு மசித்ததும், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காயும் இதற்குத் துணை. ரஷ்யாவுடன் நடந்த போல்டாவா போரில் 1709இல் தோற்று, 1714 வரை உஸ்மானியப் பேரரசில் தங்கியிருந்த ஸ்வீடன் மன்னர் 12ஆம் சார்லஸ் இந்தப் பக்குவத்தைத் துருக்கியிலிருந்து கொண்டுவந்தார் என்று, ஸ்வீடன் நாட்டின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே 2018இல் அறிவித்தது. எழுத்தில் என்று பார்த்தால், 1755இல் வெளிவந்த காய்சா வாரியின் சமையல் நூலிலேயே இந்த உருண்டை இடம்பெற்றிருக்கிறது.

ஜெர்மன் வகையில் நீங்கள் செய்த பிழை இன்னும் பெரியது, பொரித்ததே தவறு. கேப்பர் சேரும் அந்த உருண்டைக்குக் ‘கோனிக்ஸ்பெர்கர் க்ளோப்ஸே’ என்று பெயர். தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட் பிறந்து, வாழ்ந்து, மறைந்த கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் பெயர் அது. 1945இல் சோவியத் படைகளிடம் வீழ்ந்த அந்த நகரம் 1946இல் கலினின்கிராட் ஆனது. இன்று ரஷ்யாவில் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் உணவு விடுதிகளில் அந்தப் பழைய ஊர்ப் பெயரைத் தவிர்த்து, ‘வேகவைத்த க்ளோப்ஸே’ என்று பொருள்படும் பெயரில் இதைப் பரிமாறினார்கள். ஊர்ப் பெயர் போனாலும் செய்முறை அந்தப் புதுப் பெயரிலேயே தங்கியிருந்தது. இது எண்ணெயைத் தொடாமல் கறிச்சாற்றில் வேகும் உருண்டை.

கன்றுக்கறியிலோ, மாடும் பன்றியும் கலந்த கறியிலோ, நனைத்த பன் ரொட்டியைப் பிழிந்து சேர்த்து, உப்பில் பதப்படுத்திய நெத்திலி இனத்து மீன் சிலவற்றைப் பொடியாக அரிந்து கலக்கிறார்கள். (நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவிடாதீர்கள், அதன் வாடை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.) பிரிஞ்சி இலையும் மிளகும் வெங்காயமும் கிடக்கும் கறிச்சாற்றில் கால் மணி நேரம் வேக வேண்டும். சாறு தளதளவென்று கொதித்தால் உருண்டையின் மேற்புறம் இறுகி வெடிக்கும். மேற்பரப்பு லேசாக நடுங்கினால் போதும். பிறகு வெண்ணெயில் மாவை நிறம் மாறாமல் வறுத்து, அதே சாற்றை ஊற்றிக் கரைத்து, கேப்பரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, இறக்கிய பின்பே கிரீமில் கலக்கிய முட்டைக் கருவை விட வேண்டும். கடைசிவரை வெளுப்பாகவே இருக்கும் இந்த உணவில் உங்களுடைய பொரித்த உருண்டை எப்படிச் சேரும்?

இத்தாலிய ‘பொல்பெட்டே’யைப் பொறுத்தவரை, பொரித்ததிலும் தக்காளியில் போட்டதிலும் தவறில்லை. பழைய ரொட்டியை நனைத்துப் பிழிந்து, துருவிய பாலாடைக்கட்டியும் பார்ஸ்லியும் முட்டையும் சேர்க்காததே தவறு. நேப்பிள்ஸில் பைன் கொட்டையும் உலர்திராட்சையும்கூடச் சேர்ப்பதுண்டு. பெரிய உருண்டைகளை ஸ்பகெட்டியின் மேல் குவிப்பது அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் வழக்கம். இத்தாலியில் பொல்பெட்டே பெரும்பாலும் தனி உணவு. ஆனால் அப்ருட்ஸோ வட்டாரத்தின் தேராமோ நகரில் கடலை அளவுக்குக் குட்டிக் குட்டியாக உருட்டி, கம்பி கட்டிய சட்டத்தில் அழுத்தி வெட்டிய பாஸ்தாவோடு சேர்த்துத்தான் உண்கிறார்கள்.

அழுத்திப் பிசையக் கூடாது என்றேன்; டென்மார்க்கின் ‘ஃப்ரிகடெல்லர்’ அதற்கு நேர்மாறு. அங்கே உப்பிட்டு நன்றாகக் கிளறிப் பசைத்தன்மையை வேண்டுமென்றே வரவழைத்து, அதன்பின் பாலை ஊற்றித் தளர்த்தி, கரண்டியால் அள்ளி வெண்ணெயில் வைக்கிறார்கள். ஸ்பெயினின் ‘அல்போந்திகா’ என்ற பெயர் ஹேசல் கொட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது; வறுத்த பாதாமும் பூண்டும் குங்குமப்பூவும் இடித்துச் சேர்த்த குழம்பில் அதை வேகவிடும் வழக்கம் உண்டு.

கோவையில் உங்களுக்குக் கிடைப்பது ஆட்டுக்கறி என்றால், அதற்கு மிகவும் இணக்கமானது கிரேக்கரின் ‘சூட்ஸுகாக்யா’ என்பேன். 1922இல் ஸ்மிர்னா நகரம் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) எரிந்த பிறகு அங்கிருந்து கிரீஸுக்கு வந்த அகதிகளின் அடுப்பில் வளர்ந்த உணவு அது. சிவப்பு ஒயினில் நனைத்த ரொட்டி, சீரகம், பூண்டு ஆகியவற்றைக் கறியில் கலந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, லேசாகச் சிவக்க வாட்டித் தக்காளிக் குழம்பில் வேகவிட வேண்டும். அடுத்த விருந்துக்கு இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். கறிக்கடைக்காரரிடம் கொழுப்போடு சேர்த்துக் கொத்தித் தரச் சொல்லுங்கள். முழுக் கலவையையும் உருட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் வாட்டித் தின்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால், நனைத்த ரொட்டி இன்னும் ஒரு பிடி சேர்க்க அப்போதும் நேரம் இருக்கும்.