மங்கிப்போன ஸ்டீரியோ: தவணையில் புதிது வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 12 ஆண்டுகளாக ஒரு ஸ்டீரியோ இருக்கிறது. 50 வாட் ஆம்ப்ளிஃபயரும், அலமாரியில் அடங்கும் அளவிலான இரண்டு ஸ்பீக்கர்களும். சென்ற ஆண்டு வீடு மாறினோம். இப்போதெல்லாம் ஒலி முன்புபோல் இல்லை. பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) கொழகொழவென்று குழம்புகிறது, பாடுபவர் குரல் எங்கோ தொலைவில் கேட்கிறது. கடைக்காரர் 100 வாட் ஆம்ப்ளிஃபயரும் உயர்ரகக் கேபிளும் வாங்கச் சொல்கிறார். இரண்டும் சேர்ந்து என் ஒரு மாதச் சம்பளம். 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டாம். மொத்தமாகக் கொடுத்தால் 5% தள்ளுபடி. இதற்கென்று நான் சேர்த்திருப்பதோ சம்பளத்தில் கால் பங்குதான். தவணையில் வாங்கலாமா, வைப்புத்தொகையை உடைக்கலாமா? பழைய ஆம்ப்ளிஃபயரைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: தவணையும் வேண்டாம், வைப்புத்தொகையிலும் கை வைக்க வேண்டாம். கையில் இருக்கும் கால் பங்கே போதும். அதிலும் ஒரு பகுதி மிஞ்சலாம்.

வட்டியில்லாத் தவணையின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மொத்தமாகக் கொடுப்பவருக்கு 95, தவணைக்காரருக்கு 100 என்றால் அந்த 5 தான் வட்டி. வெறும் 5% தானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசலும் கரைந்துகொண்டே வருகிறது. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால், உங்கள் கையில் இருக்கும் கடன் மொத்தத்தில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 10%. செயலாக்கக் கட்டணம் என்று ஏதாவது வாங்கினால் அது இன்னும் ஏறும். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுத்தால் பெரும்பாலும் வட்டியில் ஒரு பங்கு போய்விடும். அது அவசரத்துக்கென்று ஒதுக்கிய பணமாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு உறுத்துவது வட்டிகூட இல்லை. இந்தச் செலவு உங்கள் குறையைத் தீர்க்காது என்பதுதான். 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு). அது காதுக்குத் தெரியும், ஆனால் சற்றே சத்தம் கூடியதாகத்தான் தெரியும். ஒலி இரு மடங்காகிவிட்டது என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. நீங்களோ சத்தம் போதவில்லை என்று எழுதவில்லை, தெளிவில்லை என்கிறீர்கள். குழம்பிய பேஸை இன்னும் உரக்கக் கேட்பதற்கு ஒரு மாதச் சம்பளமா?

கேபிளும் அப்படித்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணச் செம்புக் கம்பி 3 மீட்டர் நீளம் என்றால், போக வர அதன் மின்தடை சுமார் 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது அரை சதவீதம். இதைவிடச் சிறந்த கேபிள் எதைச் சரிசெய்யும் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு வரி: சென்ற ஆண்டு வீடு மாறினோம் என்கிறீர்கள். கருவிகள் அதே கருவிகள். மாறியது அறையும், கழற்றி மாட்டிய ஒயர்களும். செலவில்லாமல் பார்க்கக்கூடியவை இவை இரண்டும்தான்.

முதலில் ஒயர். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் விளக்கடித்துப் பாருங்கள். சிவப்பு முனையிலிருந்து புறப்படும் ஒயர் ஸ்பீக்கரிலும் சிவப்பில்தான் சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம்) முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே போகும். பேஸ் பாதிக்கு மேல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நடுவில் நிற்க வேண்டிய குரல் இடம் தெரியாமல் கரைந்துவிடும். குரல் தொலைவில் கேட்கிறது என்று நீங்கள் சொல்வது இதற்கும் பொருந்துகிறது. முறுக்காத செம்பு இழை ஏதேனும் பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து அறை. புது வீட்டில் ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டியோ மூலையிலோ வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பேஸ் ஒலி முன்னால் மட்டும் போவதில்லை, எல்லாப் பக்கமும் பரவுகிறது; சுவர் அதைத் திருப்பி அனுப்ப, இரண்டும் சேர்ந்து வீங்குகிறது. மூலை என்றால் வீக்கம் இன்னும் அதிகம். அரை மீட்டராவது முன்னே இழுத்துப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் நாற்காலிக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். மேலே இருக்கும் சிறிய ட்வீட்டர் (உயர் சுருதி ஒலியைத் தரும் பகுதி), உட்காரும்போது உங்கள் காது மட்டத்தில் நிற்க வேண்டும்.

நாற்காலியையும் பாருங்கள். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸிலும் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு), அதன் மடங்கான 68 ஹெர்ட்ஸிலும் ஒலி இரு சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். இந்தத் தேக்கம் எல்லாவற்றுக்கும் அழுத்தம் உச்சமாக இருக்கும் இடம் சுவர் ஓரம். பின்சுவரில் சாய்ந்தபடி சோபாவில் உட்கார்ந்து கேட்பவருக்குப் பேஸ் கொழகொழப்பதற்கு எந்த ஆம்ப்ளிஃபயரும் பொறுப்பல்ல. சோபாவை முன்னே நகர்த்த வீட்டில் ஒப்புதல் கிடைக்குமா என்பது நிதி ஆலோசகரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒரு மாலை மட்டும் நாற்காலி போட்டுக் கேட்டுப் பாருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்.

வெறுந்தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையாக இருந்தால், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தடித்த விரிப்பு ஒன்று. நீங்கள் நாற்காலியில் இருக்க, ஒருவர் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ட்வீட்டர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே கனமான திரையோ புத்தக அலமாரியோ வந்தால் குரல் துலங்கும். மெல்லிய ஃபோம் ஓடுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அவை உயர் சுருதி ஒலியை மட்டும் உறிஞ்சும், பேஸை அசைக்காது.

இத்தனைக்கும் பிறகு குறை இருந்தால் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிப் பாருங்கள். பேஸைத் தரும் பெரிய பகுதியான ஊஃபரின் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமால் ஆனதென்றால், 12 ஆண்டுகளில் அது நைந்திருக்க வாய்ப்புண்டு. விரல் பட்டாலே பொடியாக உதிரும். வளையத்தை மட்டும் மாற்ற முடியும்; புதிய ஸ்பீக்கர் விலையோடு பார்த்தால் அது சிறு செலவு. ரப்பர் வளையமாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

உங்கள் கால் பங்குப் பணத்தில் விரிப்பு, திரை, தேவைப்பட்டால் ஸ்பீக்கர் ஸ்டாண்டு, வளையப் பழுது ஆகியவற்றை மட்டும் செய்யுங்கள். தவணைக்குக் கட்டவிருந்த அதே தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆறு மாதத்தில் அரை மாதச் சம்பளம் சேர்ந்துவிடும். அப்போதும் மனம் நிறையவில்லை என்றால், அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். அறைக்கு அடுத்தபடியாக ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பது அதுதான். பயன்படுத்திய ஸ்பீக்கர் வாங்குவதில் தயக்கம் வேண்டாம்: தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளரே ஏற்றிருப்பார். வாங்கும் முன் கூம்பை விரல்களால் மெதுவாக, நேராக அழுத்திப் பாருங்கள். உள்ளே உராயும் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். ஒரே பாட்டை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியே ஓட்டி, இரண்டும் ஒன்றுபோல் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சற்று உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகவே காதுக்குப் படும். விலை கூடியதைக் கொஞ்சம் கூட்டி வைப்பதற்கு ஒரு திருகல் போதும்.

பழைய ஆம்ப்ளிஃபயரைக் கடையில் மாற்றுவது பற்றி: அதற்குத் தரும் விலை புதியதன் விலைக்குள் ஒளிந்துகொள்ளும். மாற்று இல்லாமல் புதியது என்ன விலை என்று தனியாகக் கேட்டால் வித்தியாசம் வெளிப்படும். உங்கள் நிலையில் அதை விற்கவே தேவையில்லை. வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பழுதுபார்ப்பவர் சுத்தம் செய்து கொடுத்துவிடுவார். பாட்டு நின்றிருக்கும்போதும் விடாமல் ரீங்காரம் கேட்டால் உள்ளே மின்தேக்கிகள் தளர்ந்திருக்கலாம். செலவு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே தரத்தில் பயன்படுத்திய ஆம்ப்ளிஃபயர் விற்கும் விலையில் பாதியை அது தாண்டினால் மட்டும் வேறு வாங்குவதை யோசிக்கலாம். அப்போதும் 50 வாட் போதும்.