கிளைடர் மூக்கைத் தூக்கிக்கொண்டு குப்புற விழுகிறதா?

தம்பி, பல்லடத்தில் நீங்கள் விட்ட பால்சா கிளைடர் (லேசான பால்சா மரத்தில் செய்த, எஞ்சின் இல்லாத மாடல் விமானம்) மூக்கைத் தூக்கி, ஒரு நொடி நின்று, குப்புற விழுகிறது, இறக்கை வளைவு போதவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். வளைவில் குறையில்லை. எடை பின்னால் போய்விட்டது, அதனால்தான் மூக்கு ஏறுகிறது.

மூக்கு ஏற ஏற, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணமும் கூடும். பெரும்பாலான இறக்கைகளில் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போகும், தூக்குவிசை சரிந்துவிடும். அதுதான் ஸ்டால். சின்ன மாடலில் இன்னும் குறைந்த கோணத்திலேயே வரும்.

சரி, முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்கு அளந்து, அங்கே இரண்டு விரல்நுனியில் தாங்கிப் பாருங்கள். வால் தொங்கினால், மட்டமாக நிற்கும்வரை மூக்கில் களிமண்ணைச் சிட்டிகை சிட்டிகையாக அப்புங்கள்.

அப்புறம், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சோதிக்க வேண்டாம். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் விடுங்கள்.