கொலம்பஸ், இண்டியானா: கார் இல்லாமல் முதல் சில மாதங்கள்

வணக்கம் சகோ. கணவருக்கு கம்மின்ஸ் என்ஜின் நிறுவனத்தில் வேலை, உங்களுக்கு எச்-4 விசா (வேலைக்கு வருபவரின் துணைக்கான விசா), கார் ஓட்டத் தெரியாது, வீட்டிலேயே முடங்கிவிடுவோமோ என்று கேட்டிருந்தீர்கள். எல்லாமே வீடு எடுக்கும் இடத்தைப் பொறுத்தது. புதியவர்கள் பலர் வாடகை, வசதி பார்த்து ஊர் ஓரத்து அடுக்ககங்களுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பால் வாங்கக்கூட கார் வேண்டும். வாஷிங்டன் தெருவை ஒட்டி, ஐந்தாம் தெருவுக்கு நடக்கும் தூரத்தில் தேடுங்கள்.

ஐந்தாம் தெருவில்தான் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்த பொது நூலகம் (1969). வாசலில் சிற்பி ஹென்றி மூரின் இருபதடி வெண்கல வளைவுச் சிற்பம். அதற்குள் புகுந்து நடக்கலாம். எதிரே இன்னொரு பெரிய கட்டடக் கலைஞர் எலியல் சாரினென் வடிவமைத்த தேவாலயம் (1942). ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரில் இதெல்லாம் எப்படி என்றால், 1950-களிலிருந்து பொதுக் கட்டடங்களுக்கான கட்டடக் கலைஞர் கட்டணத்தை கம்மின்ஸ் அறக்கட்டளை ஏற்று வந்தது.

வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கணவர் பெயர் மட்டும் இருந்தால் முகவரிச் சான்றுக்கு அலைய வேண்டியிருக்கும். நூலக அட்டைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அந்தச் சான்று தேவை.

நகரப் பேருந்து உண்டு, ஆனால் ஞாயிறு ஓடாது. மளிகையைச் சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். தன்னார்வப் பணி செய்யலாம். ஆனால் வழக்கமாகச் சம்பளம் தரும் வேலையை இலவசமாகச் செய்தால் விசா சிக்கல் வரும். ஆண்டுதோறும் எத்னிக் எக்ஸ்போ என்ற பன்னாட்டுப் பண்பாட்டு விழா நடக்கும், ஊராரோடு பழக நல்ல இடம். பனிக்காலத்துக்கு முன்பே கார் ஓட்டப் பழகிவிடுங்கள்.