திருநங்கை ஒருவர் பெண்கள் கழிவறைக்குள் வந்தால் சிங்கப்பூரில் நம்மவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்?

கேள்வி கேட்ட சகோதரி, தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு கடைத்தொகுதியில் பெண்கள் கழிவறைக்குப் போனபோது ஒரு திருநங்கை கண்ணாடி முன்னால் முகம் கழுவிக்கொண்டு நின்றதாகவும், தனக்குப் படபடப்பாகிக் கைகூடக் கழுவாமல் வெளியே வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்கிறார்கள், தான் செய்தது தப்பா என்றும் கேட்கிறார்.

இதற்கு நான் பதில் எழுதக் காரணம் இருக்கிறது. 19 வருஷமாகத் துப்புரவு வேலையில் இருக்கிறேன், அதில் கடைசி 11 வருஷம் ஒரு பேரங்காடியில் சூப்பர்வைசர். பெண்கள் கழிவறை வாசலில் நின்ற நேரத்தைக் கணக்குப் போட்டால் என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்த நேரத்தைவிட அதிகமாக வரும். யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே யாரும் சத்தம் போட மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு திருநங்கையைப் பார்த்து உள்ளேயே கத்தியவர்கள் என்று பார்த்தால் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் செய்வது வேறு. பேச்சு சட்டென்று நிற்கும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொள்வார். அம்மாக்கள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். வரிசையில் நின்றவர் இடம் காலியான பிறகும் போகாமல், "நீங்க போங்க" என்று பின்னால் இருப்பவரிடம் சொல்வார். நீங்கள் செய்தது போலக் கை கழுவாமல் போகிறவர்கள் நிறைய. அப்புறம் வெளியே வந்து என்னைத் தேடுவார்கள். "ஆன்ட்டி, உள்ளே ஒரு ஆள் இருக்கு" என்பார்கள். என்ன ஆள் என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கே தெரியும்" என்பார்கள். சில பேரங்காடிகளில் வாசலில் ஒரு தொடுதிரை இருக்கும், தரை ஈரம், குப்பைத்தொட்டி நிறைந்துவிட்டது, வாடை அடிக்கிறது என்று அழுத்துவதற்கு. எங்கள் இடத்திலும் உண்டு. ஒரு நாள் மத்தியானம் பத்து நிமிஷத்துக்குள் மூன்று பேர் "வாடை" என்று அழுத்தியிருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே வாடையே இல்லை, ஒரு திருநங்கை புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சூடாகிறது.

நானும் ஆரம்பத்தில் சரியாக நடக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ரவிக்கை தைக்கும் கடை ஒன்றில் ஒரு திருநங்கை வேலைக்குச் சேர்ந்தாள். என்னைவிட பதினைந்து வயது இளையவள், என்னை அக்கா என்றே கூப்பிடுவாள், அதனால் அவள் என்று உரிமையோடு எழுதுகிறேன். காலை பத்தரைக்கு வந்தால் இரவு ஒன்பது மணிக்குத்தான் போவாள். முதல் வாரத்திலேயே யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். செக்யூரிட்டி வந்தார், சின்னப் பையன், பெண்கள் கழிவறை வாசலில் நின்றுகொண்டு அவள் வெளியே வந்ததும் ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். அதில் ஆண் என்று இருந்தது. சுற்றி நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். கூட்டம் கலைந்த பிறகு நான் அவளிடம் போய், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "இனிமே அந்த சக்கர நாற்காலிக் கழிவறைக்குப் போயிடும்மா, யாருக்கும் தொந்தரவு இருக்காது" என்றேன். "சரிக்கா" என்றாள்.

அந்தக் கழிவறையில் பாதி இடத்தை எங்கள் மாப்பும் வாளியும் அடைத்துக்கொண்டிருந்தன. பல நேரம் பூட்டியிருக்கும், சாவி கேட்டு வாங்க வேண்டும். ஒரு நாள் உள்ளே இருந்து வந்தவளைப் பார்த்து, வெளியே தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒருவர், "உனக்கு என்ன குறை, இதை எதுக்கு எடுத்துக்கிறே?" என்று சத்தம் போட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, அவசரத்துக்கு அந்த அறையை விட்டால் அவருடைய அப்பாவுக்கு வேறு வழி கிடையாது. அந்த நாளுக்குப் பிறகு அவள் நாலாவது மாடிக்கு, கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய கழிவறைக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போக ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான், காலையில் ஒன்று, கடை மூடும்போது ஒன்று.

எனக்கு இது எப்படித் தெரிய வந்தது என்றால் தேநீரால்தான். மூன்று மணிக்குக் காப்பிக்கடையிலிருந்து எனக்கு வாங்கும்போது அவளுக்கும் ஒரு தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், வாங்கிக் கொடுப்பேன். வாங்கி வைத்துக்கொள்வாள். சாயந்திரம் போய்ப் பார்த்தால் தையல் மெஷின் பக்கத்தில் அப்படியே ஆறிப்போய் இருக்கும். பிடிக்கவில்லையோ என்று பால் கலந்த தே தாரேக் வாங்கிப் பார்த்தேன், அதையும் தொடவில்லை. இரண்டு மாசத்தில் காய்ச்சலும் நீர்க்கடுப்புமாகப் படுத்துவிட்டாள். பலதுறை மருந்தகத்தில் சிறுநீர்த் தொற்று என்றார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். "தண்ணி குடிச்சா போகணும்லக்கா, எங்கே போறது?" என்று என்னிடம் கேட்டாள். சக்கர நாற்காலிக் கழிவறைக்குப் போகச் சொன்னவள் நான். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இது இவள் ஒருத்தியின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் எனக்கு ஓர் ஆய்வை வாசித்துக் காட்டினாள். 2015-ல் அமெரிக்காவில் திருநங்கைகள், திருநம்பிகள் என்று கிட்டத்தட்ட 28,000 பேரிடம் கேட்டு எடுத்தது. முந்தைய ஒரு வருஷத்தில் பொதுக் கழிவறையையே தவிர்த்ததாக 59 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். கழிவறைக்குப் போக வேண்டி வருமே என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டவர்கள் 32 சதவீதம். அதனாலேயே சிறுநீர்த் தொற்று, சிறுநீரகத் தொந்தரவு என்று வந்தவர்கள் 8 சதவீதம். ஜப்பானில் ஒரு வழக்கே நடந்தது. அமைச்சில் வேலை பார்த்த திருநங்கை அதிகாரி ஒருவரை, உன் அலுவலகத் தளத்துக்குப் பக்கத்துத் தளத்திலும் போகாதே, இரண்டு தளம் தள்ளியிருக்கும் பெண்கள் கழிவறைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று 2023 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டபோது எனக்கு நாலாவது மாடிதான் ஞாபகம் வந்தது. எங்கள் தையல்கடைப் பெண்ணுக்கு அப்படிப் போ என்று யாரும் உத்தரவு போடவில்லை. நாங்கள் பார்த்த பார்வையே அவளை அங்கே அனுப்பிவிட்டது.

ஐசி விஷயத்துக்கு வருகிறேன், பல பேருக்கு இது தெரியாது. ஆசியாவிலேயே முதன்முதலில் பால்மாற்று அறுவை சிகிச்சை நடந்த இடங்களில் நம் சிங்கப்பூர் முன்னணியில் இருக்கிறது. 1971-ல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். நம் தேக்காவை ஒட்டிய ஹேம்ஷியர் சாலையில், இன்றைக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கும் அதே இடம். செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் ரத்னம், இலங்கைத் தமிழர். 1973-லிருந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஐசியில் பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம். 1996-ல் கல்யாணம் பற்றிய சட்டமான மாதர் சாசனத்தைத் திருத்தி அவர்கள் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளவும் வழிவிட்டார்கள். ஆனால் சிகிச்சை செய்யாதவர்களுக்கு ஐசி மாறாது. அதற்குப் பணம் வேண்டும், உடம்பு தாங்க வேண்டும், பல வாரம் வேலைக்குப் போகாமல் இருக்க முடிய வேண்டும். தையல் கூலியில் சேர்த்து வைக்கிற ஒரு பெண் அதுவரைக்கும் எங்கே ஒதுங்குவாள்? புடவையும் கூந்தலுமாக ஆண்கள் கழிவறைக்குள் போனால் அவளுக்கு அங்கே என்ன நடக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். "ஆ குவா", "பொண்டான்" என்று ஹொக்கியனிலும் மலாயிலும் பையன்கள் பின்னாலிருந்து இழிவாகக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். தமிழில் கூப்பிடும் வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன்.

திருநம்பிகளைப் பற்றி இந்தக் கேள்வியில் யாருமே பேசுவதில்லை. தாடி மீசையோடு இருக்கும் ஒருவரைப் பிறப்பில் பெண் என்பதற்காகப் பெண்கள் கழிவறைக்கு அனுப்பினால் அங்கே இருக்கும் பெண்கள்தான் முதலில் பயப்படுவார்கள். அதனால் திருநம்பிகள் ஆண்கள் பக்கம் போய்க் கதவுள்ள அறைக்காகக் காத்திருக்கிறார்கள், காப்பிக்கடைகளில் அது பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அதற்கும் தாழ்ப்பாள் உடைந்திருக்கும்.

சரி, பயம். பெண்களின் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. கழிவறைக்குள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்த ஒருவனைப் பிடித்தவள் நான். தடுப்புக்குக் கீழே கைப்பேசி தெரிந்தது என்று ஒரு பெண் அழுதுகொண்டே ஓடி வந்தாள், நானும் என்னோடு துப்புரவு வேலை பார்க்கும் மலாய் மாக்சிக் (மலாயில் 'ஆன்ட்டி') ஒருவரும் கதவுக்கு வெளியே வாளியைக் குறுக்கே வைத்துக்கொண்டு போலீஸ் வரும்வரை நின்றோம். வெளியே வந்தவன் சட்டை பேன்ட், கழுத்தில் அலுவலக அட்டை. அவனுக்குப் பெண் வேஷம் தேவைப்படவில்லை, ஆள் இல்லாத நேரம் பார்த்து நேராக உள்ளே நுழைந்திருக்கிறான். இப்படி ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் 2020 ஜனவரியிலிருந்து தனிக் குற்றம், இரண்டு வருஷம் வரைக்கும் சிறை, அபராதம், பிரம்படிகூடக் கிடைக்கலாம். இந்தச் சட்டம் திருநங்கை, ஆண், பெண் எல்லாருக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், திருநர்கள் தங்கள் பாலினத்துக்கு ஏற்ற கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் போட்ட ஊர்களையும் போடாத ஊர்களையும் ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. சட்டம் போட்டதால் கழிவறைகளில் குற்றங்கள் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அதில் வந்தது. நான் 19 வருஷம் பார்த்ததும் அதுதான். ஒளிந்து பார்த்து என் கையில் சிக்கியவர்கள், படம் எடுத்ததாகப் புகாரில் வந்தவர்கள், ஒருவர்கூடத் திருநங்கை கிடையாது.

2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் என்றுதான் பொருள் என்று தீர்ப்புச் சொன்னதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதை அனுப்பி "பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். அது அவர்களுடைய சட்டத்தில் இருக்கும் ஒரு சொல்லுக்கு அவர்கள் கண்ட பொருள். நம் ஊர் பேரங்காடியில் ஒருத்தி ஒன்பது மணிவரை எப்படிச் சமாளிப்பாள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

எல்லா இடமும் ஒன்று என்றும் நான் சொல்ல வரவில்லை. நீச்சல் குளத்தில் திறந்த குளியலறையில் உடை மாற்றுவது வேறு மாதிரி, அங்கே கூச்சம் எல்லாருக்கும் இருக்கும், தலைத்துணியைக் கழற்றி மாட்டும் முஸ்லிம் பெண்களுக்கு இன்னும் அதிகம். அங்கே தனித்தனித் தடுப்பும் திரையும் கூட்ட வேண்டும், அது எல்லாப் பெண்களுக்கும்தான் உதவும். கழிவறையில் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் அவரவர் வேலையைப் பார்க்கிறோம், பொதுவில் இருப்பது குழாயும் கண்ணாடியும்தான்.

நம் தமிழர்களிடம் நான் பார்த்த ஒன்று என்னை ரொம்ப வருத்தியது. ஒரு பாட்டி, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், பேரங்காடி நடைபாதையில் அந்தத் தையல்கடைப் பெண்ணைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, பேரனின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணச் சொன்னார். அவளும் செய்தாள். அரை மணி நேரம் கழித்து அதே பாட்டி கழிவறைக்குள் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இதையெல்லாம் உள்ளே விடுறீங்களா?" என்று கேட்டார். நான் அவரிடம், "கொஞ்ச நேரம் முன்னாடி உங்க பேரனுக்கு நல்ல வாக்குச் சொன்னது அந்தப் பொண்ணுதானே பாட்டி?" என்றேன். பதில் சொல்லாமல் போய்விட்டார்.

நீங்கள் செய்தது தப்பா என்று கேட்டீர்கள். படபடப்பு வந்தது தப்பில்லை, பழக்கமில்லாததைப் பார்த்தால் வருவதுதான். ஆனால் அவர் கண்ணாடியில் உங்களைப் பார்த்திருப்பார், நீங்கள் எதற்காக வெளியே போனீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த தடவை பக்கத்துக் குழாயில் கை கழுவிவிட்டு வாருங்கள். பேச வேண்டும், சிரிக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை.

அவள் காய்ச்சல் குணமாகி வந்த பிறகு நான் செய்தது சின்ன வேலைதான். மாப்பையும் வாளியையும் சக்கர நாற்காலிக் கழிவறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன், அது அதற்கு உரியவர்களுக்கே இருக்கட்டும் என்று. என் ஆட்களைக் கூப்பிட்டு, யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காதீர்கள், என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள், கைப்பேசியை நீட்டினால் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். மேலாளரிடம் போய், இனி யாரிடமும் செக்யூரிட்டி கழிவறை வாசலில் ஐசி கேட்கக்கூடாது என்று சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று தடவை போக வேண்டியிருந்தது. அப்புறம் அவளிடம் இரண்டாவது மாடிக்கே போ என்றேன். நம்பவில்லை, என்னையும் கூட வரச் சொன்னாள். போனோம். உள்ளே மாக்சிக் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், மஞ்சள் பலகையை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார்: "தரை ஈரம், பார்த்துப் போ."

அன்றைக்கு மூன்று மணிக்கு வாங்கிக் கொடுத்த தே ஓவை அவள் சூடாகவே குடித்தாள்.