‘போதிய அண்மை’ என்பது எத்தனை மில்லிமீற்றர்?

கேள்வி: செத்தல் மிளகாயில் அஃபிளாடொக்ஸின் நச்சு இருக்கிறதா என்று புறஊதா ஒளியால் கண்டறியும் கருவியொன்றை என் பட்டறையில் உருவாக்கினேன். இலங்கையில் ஆக்கவுரிமை கிடைத்துவிட்டது. ஐரோப்பாவில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. எனக்குரிய எல்லையை வரையும் முதலாவது உரிமைக்கோரலில் ‘ஒளியுணரி, மாதிரித் தட்டுக்குப் போதிய அண்மையில் பொருத்தப்பட்டிருக்கும்’ என்று இருப்பது தெளிவாக இல்லை என்று அங்குள்ள பரிசோதகர் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார். இதற்கிடையில் என் பங்காளி பிரிந்துபோய், அதே கருவியைச் செய்து புறக்கோட்டையில் விற்கிறார். ஒன்றை வாங்கி அளந்து பார்த்தேன். அவருடைய உணரி தட்டிலிருந்து 70 மில்லிமீற்றரில் இருக்கிறது, என்னுடையது 40. பரிசோதகருக்கு எழுதும் பதிலில் ‘100 மில்லிமீற்றருக்குள்’ என்று திருத்திவிட்டு, பங்காளிமீது வழக்குத் தொடரலாமா?
— வாசகர், கொழும்பு 13

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கங்களில் மூன்று பங்காளியைப் பற்றியவை. உங்கள் வீட்டில் உண்டவர், மகளின் சாமத்தியச் சடங்கில் முன்நின்றவர், இன்று வீதியில் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், வழக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முகவர் கூடுதலாகக் கட்டணம் வாங்கினார் என்ற குறையும், சின்ன நாட்டுக்காரர் என்றால் பரிசோதகருக்கு இளக்காரம் என்ற சந்தேகமும் அப்படித்தான். அவருடைய கடிதத்தை வாசித்தேன். ஜேர்மன் கம்பனிக்கும் இதையேதான் எழுதியிருப்பார்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். விண்ணப்பத்தைத் தாக்கல் செய்த நாளில் கையளித்த தாள்களுக்குள், ‘போதிய அண்மை’ என்பதை அளக்க ஏதாவது வழி எழுதப்பட்டிருந்ததா?

ஏன் அந்த ஒரு சொற்றொடரிலேயே நிற்கிறேன் என்றால், உங்களுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. புறஊதா ஒளி பட்டால் அஃபிளாடொக்ஸின் ஒளிரும் என்பது 1960களிலிருந்தே தெரிந்த விடயம். பி வகை நீலமாகவும் ஜி வகை பச்சையாகவும் ஒளிர்வதால்தான் அந்த எழுத்துகளே பெயராக வந்தன. 365 நனோமீற்றர் எல்.ஈ.டி கடையில் கிடைக்கிறது, வடிகட்டியும் கிடைக்கிறது. உணரி நிற்கும் இடத்தில்தான் உங்கள் கண்டுபிடிப்பு இருக்கிறது. அந்த இடத்தைத்தான் அளவில்லாமல் எழுதி வைத்திருக்கிறீர்கள். ‘வடக்கு எல்லை: மாமரத்துக்குப் போதிய அண்மை’ என்று வரைந்த காணி உறுதியை எந்த நொத்தாரிசு முடிப்பார்?

ஐரோப்பிய ஆக்கவுரிமை உடன்படிக்கையின் 84ஆம் உறுப்புரை, உரிமைக்கோரல் தெளிவாகவும் சுருக்கமாகவும் விவரணத்தின் (கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் பகுதியின்) ஆதரவோடும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மைத்துனர் கனடாவிலிருந்து அனுப்பிய அமெரிக்கத் தீர்ப்பு இங்கே உதவாது. அது இதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பற்றியது. மின்வாய்களுக்கு இடையிலான ‘இடைவெளி உறவு’ என்ற சொற்றொடர்தான் அங்கே சர்ச்சை. 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ‘நியாயமான நிச்சயத்தன்மை’ வேண்டும் என்று விதித்தது. வழக்கு மறுபடி கீழே போனபோது சொற்றொடர் தப்பியது உண்மைதான். ஆனால் தப்பியதற்குக் காரணம், கருவியைப் பிடிக்கும் கையின் அகலத்தை அந்த இடைவெளி தாண்ட முடியாது என்று விவரணத்திலிருந்தே காட்ட முடிந்ததுதான். அதே நாட்டில், சக்கரங்களின் இடைவெளியை ஓட்டுகிறவரின் உயரத்தை வைத்துச் சொன்ன சைக்கிள் விண்ணப்பம் 1989இல் நிராகரிக்கப்பட்டது. எந்த உயரமுள்ள ஆள் என்று யாருக்கும் தெரியாதே.

இனி உங்கள் 100 மில்லிமீற்றருக்கு வருகிறேன். இந்த யோசனையோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். எதிராளியின் கருவியை வாங்கி, அளந்து, அந்த அளவு உள்ளே அகப்படும்படி வேலி போடப் பார்க்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்தில் 100 என்ற எண் எங்கேயும் இல்லை. தாக்கல் செய்த நாளில் இல்லாததைப் பின்னர் சேர்க்க முடியாது: ஐரோப்பாவில் 123ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி அதைத் தடுக்கிறது, எங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் முதலில் வெளிப்படுத்தியதைத் தாண்டித் திருத்த விடாது. பரிசோதகர் இதைக் கண்டுபிடித்தால் உங்கள் அதிர்ஷ்டம். திருத்தத்தை மறுப்பார், வேறு வழி பார்க்கலாம்.

அவர் கவனிக்காமல் விட்டுவிட்டால்தான் ஆபத்து. ஆக்கவுரிமை வழங்கப்படும், நீங்களும் இனிப்புக் கொடுப்பீர்கள். அதன்பின் ஒன்பது மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம், உங்கள் பழைய பங்காளி உட்பட. 100 என்பது முதல் தாளில் இல்லை என்று அவர் காட்டினால் அதை வைத்திருக்க முடியாது. எடுத்துவிடலாம் என்றால் எல்லை விரிகிறது. வழங்கிய பின் எல்லையை விரிக்க அதே உறுப்புரையின் மூன்றாம் பந்தி விடாது. வைத்திருந்தாலும் போகும், எடுத்தாலும் போகும். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் விரிந்த மேன்முறையீட்டுச் சபை 1990களிலேயே இதைத் தீர்த்துவிட்டது. உள்ளே போனால் வெளியே வர முடியாத பொறி என்றுதான் அந்தத் துறையில் இதை அழைக்கிறார்கள். முழு ஆக்கவுரிமையும் ஒரு எண்ணுக்காகப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, 100 வேண்டாம், விவரணத்தில் இருக்கும் 40ஐயே போடுகிறேன் என்பீர்கள். அதிலும் ஒரு குழி இருக்கிறது. உங்கள் உதாரணத்தில் 40 மில்லிமீற்றர் தனியாக நிற்கவில்லை. உணரி 45 பாகை சாய்ந்திருக்கிறது, முன்னால் 420 நனோமீற்றருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் வடிகட்டி இருக்கிறது, இவை மூன்றும் சேர்ந்தால்தான் தட்டிலிருந்து தெறிக்கும் விளக்கொளி உணரிக்குள் வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்றோடொன்று பிணைந்தவற்றில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்தால் அதுவும் புதிதாகச் சேர்த்ததாகவே கொள்ளப்படும். போட்டால் மூன்றையும் போட வேண்டும். போட்டால் விண்ணப்பம் பிழைக்கும், 70இல் நிற்கும் பங்காளியின் உணரி வெளியே போய்விடும். வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்து வேறு எண் எடுக்கலாமா என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அளவுத்திட்டம் குறிக்காத மாதிரிப்படம் அது.

‘தெளிவின்மையை வைத்து எதிர்ப்பு மனு போட முடியாது, எப்படியாவது வாங்கிவிட்டால் போதும்’ என்று உங்கள் முகவர் சொன்னது பாதி உண்மை. வழங்கிய உரிமைக்கோரலில் முதலிலிருந்தே இருக்கும் தெளிவின்மை எதிர்ப்புக்குக் காரணம் ஆகாது என்பது சரி. ஆனால் தெளிவில்லாத சொல்லை அகலமாகத்தான் வாசிப்பார்கள். அகலமாக வாசித்தால், தட்டுக்குப் பக்கத்தில் உணரி வைத்த பழைய கருவிகள் எல்லாம் உள்ளே வந்து உங்கள் புதுமையை அடித்துப்போகும். விண்ணப்பத்தை மீளப் பெற்றுப் புதிதாகப் போடலாம் என்றும் எண்ண வேண்டாம். உங்கள் விண்ணப்பம் ஏற்கெனவே பிரசுரமாகிவிட்டது. புதியதைக் கொல்ல அந்தப் பிரசுரமே போதும்.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. விவரணத்தின் ஐந்தாம் பக்கத்தில், கடைசிப் பத்தியின் நடுவே, ‘உணரியின் பார்வைப் பரப்பு தட்டில் ஒளி விழும் வட்டத்துக்குள் அடங்கும்’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எழுதியவருக்கே அதன் மதிப்புத் தெரிந்திருக்காது. மில்லிமீற்றர் இல்லாவிட்டாலும் இது அளக்கக்கூடியது. தட்டில் ஒரு தாளை வைத்து விளக்கைப் போட்டால் வட்டம் தெரியும். ஒரு கறுப்புப் புள்ளியை விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்தினால் உணரி எதுவரை பார்க்கிறது என்று தெரியும். உள்ளே அடங்குகிறதா, இல்லையா, இரண்டில் ஒன்று. ‘போதிய அண்மை’யை எடுத்துவிட்டு இதை வைத்தால் ஆட்சேபம் விலக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த வாக்கியம் உதாரணத்தோடு பிணைக்கப்படாமல் பொதுவாகச் சொல்லப்பட்டிருப்பது இன்னும் நல்லது. வாங்கி வைத்திருக்கும் பங்காளியின் கருவியை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். அவருடைய உணரிக்கு முன்னால் ஒளியைக் குவிக்கும் வில்லை இருந்தால் 70இலும் அடங்கலாம்.

அடங்கினாலும் வழக்குக்குப் போக வேண்டாம். கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை உத்தரவு கேட்டால், முதல் நாளே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஐரோப்பியப் பரிசோதகரின் கடிதத்தைத் தூக்கிக் காட்டுவார். அது எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நீதிபதி அதை வாசிப்பார். கையில் இருக்கும் இலங்கை ஆக்கவுரிமையிலும் அதே ‘போதிய அண்மை’தான். அதைச் செல்லுபடியற்றது என்று பிரகடனப்படுத்தும்படி பங்காளி பதில் கோரிக்கை போடுவார். பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று சொல்லி நீங்கள் தப்ப முடியாது. இன்னொன்றும் இருக்கிறது: சோதனைக் குறிப்புப் புத்தகம் பங்காளியின் கையெழுத்தில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக்கவுரிமை கண்டுபிடித்தவருக்குரியது, இருவர் சேர்ந்து கண்டுபிடித்தால் இருவருக்கும் உரியது. அந்தப் புத்தகத்தை நீதிமன்றத்துக்கு வரவழைக்கும் வழக்கை நீங்களே தொடங்க வேண்டுமா?

ஆகவே சமரசத்துக்குப் போங்கள். எப்போது போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரசுரமான ஐரோப்பிய விண்ணப்பத்தின் கோப்பை இணையத்தில் யாரும் பார்க்கலாம். நீங்கள் எல்லையைக் குறுக்கிப் பதில் அனுப்பினால் அடுத்த சில நாட்களில் பங்காளி அதை வாசித்துவிடுவார். தன் கருவி வெளியே நிற்கிறது என்று தெரிந்துகொண்டவர் உங்களுக்கு ஒரு ரூபாவும் தர மாட்டார். இன்று அவருக்கு அது தெரியாது. எந்தப் பக்கம் விழும் என்ற பயம் அவருக்கும் இருக்கிறது. இல்லாவிட்டால், நீங்கள் எழுதியிருப்பதுபோல், பொதுவான நண்பர் ஒருவரைத் தூது அனுப்பியிருக்க மாட்டார். விற்கும் கருவி ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமைக் கட்டணம் பேசுங்கள், தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. பதிலுக்கு, கண்டுபிடிப்பில் தனக்கு இருக்கக்கூடிய பங்கு முழுவதையும் உங்களுக்குக் கையளித்து அவர் ஒப்பமிட வேண்டும். பணத்தைவிட அந்த ஒப்பம் பெறுமதியானது. சமரசத்துக்காகச் சொன்னதைப் பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்டாதிருக்க, கடிதப் போக்குவரத்து முழுவதிலும் ‘உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று தலைப்பிடுங்கள். ஐந்தாம் பக்க வாக்கியத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விட வேண்டாம்.

பதில் அனுப்ப உங்களுக்குக் கொடுத்திருப்பது நான்கு மாதம். கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறீர்கள், அது பிழை. கடிதம் வந்துசேர என்று முன்பு இருந்த பத்து நாள் சலுகை 2023 நவம்பரோடு போய்விட்டது. கடிதத்தில் இருக்கும் திகதியிலிருந்தே எண்ண வேண்டும். இரண்டு மாத நீடிப்பைக் கேட்கும்படி இன்றே முகவருக்கு எழுதுங்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் பங்காளியோடு பேசி முடித்துவிட்டு, அதன் பிறகு பரிசோதகருக்குப் பதில் போகட்டும். முகவர் ‘100’ என்று ஏற்கெனவே வரைவு தயாரித்திருந்தால், அது இன்னும் அனுப்பப்படவில்லை என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.