ஆச்சி வீட்டு அடுப்படி வரை

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. நாங்கள் ஐந்து பேர். வழிகாட்டி ஒருவருடன் ஒரே நாளில் செட்டிநாட்டைச் சுற்றிப் பார்த்து, மதியம் ஒரு வீட்டுச் சமையல் சாப்பிட ஆசை. பயண ஏற்பாட்டாளர் ஒன்பது இடங்களைப் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறார். முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: முடியாது. பட்டியலில் ஆறு இடங்களை அடித்துவிடுங்கள். திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி போதும்.

வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது என்பதால் திருமயத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். சேதுபதி மன்னர் 1687இல் எழுப்பிய கோட்டை அது. பிள்ளைகள் உச்சி வரை ஏறட்டும். அம்மா அடிவாரத்துச் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில் இருக்கட்டும். அவருக்கு வாய்ப்பதே பெரிய காட்சி. குடைந்த பாறைக்குள் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். நெருங்கிவந்த மது, கைடபர் என்ற அசுரர்கள் ஆதிசேஷன் உமிழும் தீக்கு அஞ்சி ஓடுகிறார்கள். அதே பாறையில் பக்கத்திலேயே சத்தியகிரீசுவரர். இரு கோயில்களுக்கும் இடையே நெடுநாள் நடந்த வழக்கு 13ஆம் நூற்றாண்டில் தீர்ந்ததைச் சொல்லும் கல்வெட்டு இங்கே உண்டு. அந்த வழக்கைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். ஊரை உள்ளபடி படித்தவரா என்பது அவர் பதிலில் தெரிந்துவிடும்.

அடுத்து கானாடுகாத்தான். பல வீடுகள் பூட்டியே இருக்கும். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். திருமணத்துக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோ கூடும்போதுதான் கதவு திறக்கும். எனவே உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வாங்கித் தருபவரே நல்ல வழிகாட்டி. முகப்பையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் காட்டிவிட்டு வளவு எனப்படும் நடுமுற்றத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுப்பதில்லை. ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், இங்கே குடும்பத்தை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள், அதாவது செட்டியார் வீட்டுப் பெண்கள். அவர்கள் நின்று உழைத்த இடம் பின்கட்டு. அம்மியும் ஆட்டுக்கல்லும் கிடக்கும் அந்த அடுப்படியைப் பார்க்காமல் வந்தால், பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர், சைவமா அசைவமா, காரம் எவ்வளவு தாங்கும் என்பதோடு தொகையையும் அப்போதே பேசிவிடுவது இரு தரப்புக்கும் மரியாதை. அம்மாவுக்கு நாற்காலி மேசை வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பல வீடுகளில் தரையில் பந்திப்பாய் விரித்துத்தான் இலை போடுவார்கள். கோழிக் குழம்பு எங்கும் கிடைக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய நீரில் புளி கரைத்துச் செய்வது. இனிப்புக்குக் கவுனி என்ற கருப்பரிசி. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டிய பண்டம் என்பதால் போய் இறங்கியபின் கேட்டால் கிடைக்காது. சமைத்தவர் பரிமாறி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும்.

மாலையில் ஆத்தங்குடி, பூவேலைத் தரைக்கல் செய்யும் ஊர். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிப் பூவேலை செய்வதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

கேள்வி: காரைக்குடியில் ஒரு வீட்டில் சாப்பிட்ட வெள்ளைப் பணியாரத்தை வீட்டில் செய்து பார்த்தேன். எண்ணெய் குடிக்கிறது. ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: உளுந்து கூடியிருக்கும். என் அம்மாவைப் பெற்ற ஆயா சொல்லித் தந்த அளவு இது: ஒரு தம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்புங்கள், அதன் மேலேயே உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவியுங்கள். நிற்கிற அளவுதான் உளுந்து, சரிந்து விழுவது கணக்கில் இல்லை. இரண்டு மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, புளிக்கவிடாமல் உடனே சுடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஊற்ற வேண்டும். ஓரம் சிவக்குமுன் எடுத்துவிடுங்கள்.